மாமா வீட்டு அலமாரியும் ஒரே ஒரு ரிமோட்டும்

நீடாமங்கலத்தில் மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய தேக்கு அலமாரி உண்டு. ஒரு காலத்தில் நெல் கணக்கு நோட்டுகள் இருந்த இடம். இப்போது மூன்று தட்டிலும் ஆம்ப்ளிஃபையர்கள். மேல்தட்டில் இருக்கும் ஏவி ரிசீவர் (படத்தையும் சத்தத்தையும் வாங்கி டிவிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துத் தரும் ஆம்ப்ளிஃபையர்) கூடத்து டிவிக்கு. நடுத்தட்டில் அதே கம்பெனி, அதே மாடலில் இன்னொன்று. சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகன் ஜோடியாக வாங்கி அனுப்பியது. அதன் ஸ்பீக்கர் ஒயர்கள் சுவரோரமாக ஏறி மாடி அறைக்குப் போகின்றன. மாடியில் டிவி கிடையாது, பாட்டு மட்டும். (ஜோன் 2 வசதியுள்ள ரிசீவராக இருந்தால் ஒன்றே இரண்டு இடத்துக்கும் போதும். இந்த மாடலில் அது இல்லை.) கீழ்த்தட்டில் உள்ளூரில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபையர், ரிமோட் கிட் (ரிமோட்டில் இயங்க வைக்கும் சின்ன சர்க்யூட் போர்டு) போட்டது. அது திண்ணைக்கும் கொல்லைப்பக்கத்துக்கும்.

இதற்கெல்லாம் மேலே டிவி ரிமோட், செட்டாப் பாக்ஸ் ரிமோட். எல்லாம் பாலிதீன் கவர் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ஊஞ்சல் பலகையில் வரிசையாகக் கிடக்கும். மாமா கேட்டது ஒன்றுதான்: "மாப்ளே, எல்லாத்தையும் ஒண்ணுல போட்டுக் குடு. எதை அமுக்கினா எது கத்துதுன்னே தெரியல."

அவர் சொன்னது மிகையில்லை. மேல் ரிசீவரின் சத்தத்தைக் கூட்டினால் நடு ரிசீவரும் சேர்ந்து கூடும். கீழ்த்தட்டு ஆம்ப்ளிஃபையருக்கு வால்யூம் வைத்தால், சமையலறையில் அத்தை வைத்திருக்கும் சின்ன ப்ளூடூத் பெட்டியும் எகிறும். அத்தை உள்ளேயிருந்து போடும் சத்தம் அதைவிடப் பெரியது.

கடையில் கிடைக்கும் யுனிவர்சல் ரிமோட்டை வாங்கி, ஒவ்வொரு பட்டனாகக் கற்றுக்கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஐந்து ரிமோட்டின் குழப்பமும் அப்படியே ஒரு ரிமோட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பெட்டி எந்தக் கட்டளைக்குச் செவி சாய்க்கக் கூடாது என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். பட்டன் பதிவெல்லாம் அதற்கு அப்புறம்.

பிரிப்பதற்கு முன் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு ஓர் அர்டுயினோ நானோவும் (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சின்ன போர்டு) ஒரு டிஎஸ்ஓபி சென்சாரும் (ரிமோட்டின் இன்ஃப்ராரெட், அதாவது ஐஆர் வெளிச்சத்தைப் பிடிக்கும் கண்) போதும். சென்சார் வாங்கும்போது கால்களின் வரிசையைப் பாருங்கள். டிஎஸ்ஓபி1738-இல் இடமிருந்து கிரவுண்ட், சப்ளை, அவுட்புட். டிஎஸ்ஓபி4838-இல் அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அப்படியே செருகினால் சென்சார் சூடாகிப் போய்விடும். இன்னொன்று, 1738-க்கு 5 வோல்ட் வேண்டும். 4838 என்றால் 3.3 வோல்ட்டிலும் ஓடும்.

ரிமோட் சிக்னலைப் படிக்கும் ஐஆர்ரிமோட் என்ற புரோகிராம் லைப்ரரியை நானோவில் ஏற்றி, நானோ சொல்வதைக் காட்டும் சீரியல் மானிட்டரை லேப்டாப்பில் திறந்துவைத்து ஒவ்வொரு ரிமோட்டாக அழுத்தினேன். வீட்டில் இருந்த பெரும்பாலான ரிமோட்கள் பேசியது என்இசி என்ற சிக்னல் முறை. அதன் அமைப்பு எளிமையானது. முதலில் 9 மில்லி செகண்ட் வெளிச்சம், 4.5 மில்லி செகண்ட் இடைவெளி. அப்புறம் 32 பிட். முதல் எட்டு பிட் முகவரி (எந்தப் பெட்டிக்கு என்று சொல்லும் எண்), அடுத்த எட்டு அதே முகவரியின் தலைகீழ் (0 எல்லாம் 1, 1 எல்லாம் 0), பிறகு கட்டளை எட்டு பிட், அதன் தலைகீழ் எட்டு பிட். இந்த வெளிச்சம் தொடர்ச்சியாக எரிவதில்லை. செகண்டுக்கு 38,000 முறை துடிக்கும். அந்தத் துடிப்பை வடிகட்டி, வெறும் நீளம் குட்டையை மட்டும் வெளியே தருவதுதான் டிஎஸ்ஓபியின் வேலை.

பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் முழுக் கட்டளையும் திரும்பத் திரும்பப் போகாது. சுமார் 108 மில்லி செகண்டுக்கு ஒருமுறை 'அதையே செய்' என்று ஒரு குட்டி சிக்னல் மட்டும் போகும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

லைப்ரரியின் பழைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். பழைய பதிப்பு பிட்களை ஒரு திசையில் படிக்கும், புதியது எதிர்த்திசையில். அதனால் ஒரே வால்யூம் பட்டன் பழையதில் ஹெக்ஸ் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) ஏ8 என்று வரும், புதியதில் 15 என்று வரும். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களைப் பார்த்து 'என் ரிமோட் வேறு மாதிரி' என்று குழம்ப வேண்டாம்; பெரும்பாலும் அதே ரிமோட்தான்.

முகவரிகளைப் பார்த்ததும் அத்தையின் கோபத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கீழ்த்தட்டு ரிமோட் கிட்டின் முகவரி பூஜ்யம். சமையலறைப் பெட்டியின் முகவரியும் பூஜ்யம். வால்யூம் கூட்ட 15, குறைக்க 07, இரண்டிலும் அதே எண்கள். மலிவு விலை யூஎஸ்பி, ப்ளூடூத் போர்டுகளோடு வருகிற அந்த 21 பட்டன் குட்டி ரிமோட்டைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது பூஜ்ய முகவரிதான். தெருவில் நின்று "தம்பி" என்று கூப்பிட்டால் நாலு வீட்டு வாசலில் தலை தெரிகிற கதை. இரண்டு ஏவி ரிசீவர்களும் ஒரே மாடல் என்பதால் அங்கேயும் இதே நிலைமை. முகவரி மட்டும் வேறு எண்.

ரிசீவர்களைப் பிரிப்பது சுலபம். யமஹா, டெனான், ஆன்கியோ போன்ற கம்பெனிகளின் பல மாடல்களில் ரிமோட் ஐடி என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரே அறையில் இரண்டு பெட்டி இருந்தால் என்ன செய்வது என்பதற்காகவே வைத்தது. திரையில் தெரியும் வழக்கமான மெனுவில் இதைத் தேடினால் பல மாடல்களில் கிடைக்காது. யமஹாவின் பல மாடல்களில் முன்பக்கம் ஸ்ட்ரெயிட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவரைப் போட்டால் அட்வான்ஸ்டு செட்டப் என்று தனி மெனு வரும். அதற்குள் ரிமோட் ஐடி இருக்கும். மற்ற கம்பெனிகளுக்கு வேறு கூட்டுப் பட்டன்கள், மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். நடு ரிசீவரை ஐடி 2-க்கு மாற்றினேன். அதோடு வந்த ரிமோட்டையும் மேனுவல்படி ஐடி 2-க்கு மாற்றி அழுத்திப் பார்த்தால், சீரியல் மானிட்டரில் புது முகவரி. மேல் ரிசீவர் அசையவில்லை. அதே மெனுவில் பக்கத்திலேயே ஸ்பீக்கர் இம்பிடென்ஸ், எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் இனிஷியலைஸ் எல்லாம் இருக்கும். அங்கே நிதானமாக நகருங்கள்.

கீழ்த்தட்டு ஆம்ப்ளிஃபையருக்கு இப்படி எந்த வசதியும் இல்லை. ரிமோட் கிட்டின் சிப்புக்குள் பூஜ்ய முகவரி எழுதப்பட்டு, அதோடு முடிந்தது. சமையலறைப் பெட்டியை மாற்றலாம் என்றால் அதைத் தொட அத்தை விடமாட்டார்கள். ஆகவே ஆம்ப்ளிஃபையரைத் திறந்தேன்.

முன்பக்கத்தில் சென்சாருக்காகப் போட்ட ஓட்டையைக் குளவி மண் வைத்துப் பாதி அடைத்திருந்தது. 'கிட்டே போனால்தான் ரிமோட் எடுக்குது' என்று மாமா பேட்டரியை மாற்றிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். வயலும் வாய்க்காலும் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் இது சாதாரணம். யூஎஸ்பி ஓட்டை, ஹெட்போன் ஓட்டை எதையும் குளவி விடாது. சுரண்டி எடுத்துவிட்டு, ஓட்டைக்கு மேல் பழைய ரிமோட்டின் கருஞ்சிவப்பு பிளாஸ்டிக் முகப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன். இன்ஃப்ராரெட் அதன் வழியாகத் தாராளமாகப் போகும், குளவி போகாது.

இப்போது முக்கியமான வேலை. ரிமோட் கிட்டில் சென்சாரின் அவுட்புட் கால் சிப்புக்குப் போகும் தடத்தை வெட்டி, நடுவில் ஒரு நானோவை உட்காரவைத்தேன். சென்சார் இனி நானோவிடம் சொல்லும். நானோ கேட்டுப் பார்த்து, நான் ஒதுக்கிய புது முகவரியில் வந்த கட்டளையாக இருந்தால், அதைப் பூஜ்ய முகவரிக்கு மாற்றிச் சிப்புக்குச் சொல்லும். வேறு எந்த முகவரியில் வந்தாலும் வாய் திறக்காது. இதில் ஒரு சௌகரியம்: நானோவுக்கும் சிப்புக்கும் இடையே ஒயர்தான் என்பதால் ஐஆர் எல்இடி வேண்டாம், 38 கிலோ ஹெர்ட்ஸ் துடிப்பும் வேண்டாம். டிஎஸ்ஓபி வெளியே தருவதுபோலவே, சும்மா இருக்கும்போது மேலே, வெளிச்சம் வரும் நேரத்தில் கீழே என்று லைனை இழுத்துவிட்டால் போதும்.

சிப் எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது என்று அளந்துவிட்டு இதைச் செய்ய வேண்டும். இந்தக் கிட்டில் 3.3 வோல்ட். நானோ 5 வோல்ட்டில் ஓடுவது. அதனால் நானோவின் காலை ஒருபோதும் 'ஹை' ஆக்கவில்லை. கீழே இழுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அவுட்புட்டாக்கி கிரவுண்டுக்கு இழுப்பது, மற்ற நேரத்தில் இன்புட்டாக்கிக் கைவிடுவது. சிப் பக்கம் 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் லைனை மேலே தூக்கிவிடும். வால்யூம் பட்டனைப் பிடித்தபடி இருக்கும்போது, முன்பு சொன்ன 'அதையே செய்' சிக்னலையும் நானோ அப்படியே கடத்த வேண்டும். இல்லாவிட்டால் வால்யூம் ஒரு படி ஏறி நின்றுவிடும்.

அடுத்தது பவர் பட்டன். பல ரிமோட்களில் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே கட்டளைதான்: இருக்கும் நிலையைத் திருப்பிப் போடு. கையில் ஒரு ரிமோட், கண்ணெதிரே ஒரு பெட்டி என்றால் இதில் தொந்தரவு இல்லை. 'படம் பார்க்க' என்று ஒரே பட்டனில் டிவி, ரிசீவர் எல்லாவற்றையும் சேர்க்கும்போதுதான் வம்பு. ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பது அணையும், அணைந்திருப்பது எரியும். நம் பக்கம் கரண்ட் போய் வருவதைச் சொல்லவே வேண்டாம். கரண்ட் வந்ததும் டிவி ஒரு நிலையில், ரிசீவர் வேறு நிலையில் நிற்கும். அதன் பிறகு அந்த ஒற்றைப் பட்டன் எப்போதும் ஒன்றை எரித்து ஒன்றை அணைக்கும்.

இதற்கு ஆனுக்குத் தனி, ஆஃபுக்குத் தனி என்று இரண்டு கட்டளைகள் வேண்டும். நல்ல ரிசீவர்கள் பலவற்றில் இவை உள்ளே இருக்கின்றன. கம்பெனி ரிமோட்டில் அவற்றுக்குப் பட்டன் வைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். சில கம்பெனிகள் இந்த எண்களைப் பட்டியலாக வெளியிடுகின்றன. பட்டியல் கிடைக்காவிட்டால் 0 முதல் 255 வரை எல்லா எண்ணையும் அனுப்பிப் பார்க்கும் ஆட்களும் உண்டு. மலிவு போர்டில் செய்யுங்கள், போனால் போகட்டும். விலையுயர்ந்த ரிசீவரில் வேண்டாம். சர்வீஸ் மெனுவுக்கான எண்கள் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாது.

ரிமோட் கிட்டில் தனி ஆன் ஆஃப் கிடையாது. ஆனால் நடுவில்தான் நானோ இருக்கிறதே. ஆம்ப்ளிஃபையரின் மெயின் சப்ளையை ஒரு 12 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஆன் செய்கிறது. ரிலே காயிலை இயக்கும் டிரான்சிஸ்டரின் கலெக்டரில், அணைந்திருந்தால் 12 வோல்ட், எரிந்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். 10 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் இரண்டையும் வைத்துப் பிரித்தால் 12 வோல்ட் 3.8 வோல்ட்டாகிவிடும், நானோ அதைப் பயமில்லாமல் படிக்கலாம். இனி 'ஆன்' என்று கட்டளை வந்தால் நானோ முதலில் ரிலேயைப் பார்க்கும். அணைந்திருந்தால் மட்டும் பவர் கட்டளையைச் சிப்புக்குக் கொடுக்கும். 'ஆஃப்' என்றால் எதிர்மாறாக. இந்த ஒரு சின்ன ஏற்பாட்டில் உள்ளூர் ஆம்ப்ளிஃபையர் சிங்கப்பூர் ரிசீவருக்குச் சமமாகிவிட்டது. எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான்.

இப்போது ரிமோட். ஒரு காலத்தில் இதற்கு லாஜிடெக் ஹார்மனி என்று ஒன்று இருந்தது. 2021-இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது பல கருவிகளுக்கு இடமும், ஒரே பட்டனில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்பும் மேக்ரோ வசதியும் உள்ள சாதாரண லேர்னிங் ரிமோட், அதாவது மற்ற ரிமோட்டின் சிக்னலைப் பார்த்துப் பதிந்துகொள்வது. ரப்பர் பட்டன், இரண்டு ஏஏஏ பேட்டரி. தொடுதிரை ரிமோட்டும் மொபைல் ஆப்பும் மாமாவுக்கு ஒத்துவராது. இருட்டில் விரல் தடவிக் கண்டுபிடிக்கும் பட்டன்தான் அவருக்குச் சரி.

கம்பெனி ரிமோட்டில் இருக்கும் பட்டன்களை அதிலிருந்தே கற்றுக்கொடுக்கலாம். தனி ஆன், தனி ஆஃப், நான் ஒதுக்கிய புது முகவரிக் கட்டளைகள் எல்லாம் எந்த ரிமோட்டிலும் இல்லையே? அதற்கு இன்னொரு நானோவை ஆசிரியராக வைத்தேன். 940 நானோமீட்டர் ஐஆர் எல்இடி ஒன்று, 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக நேரே நானோவின் காலில். லேப்டாப்பில் எண்ணை அடித்தால் அந்தக் கட்டளையை ஒருமுறை அனுப்பும். லேர்னிங் ரிமோட் அதைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளும். தூரமாக அனுப்ப வேண்டும் என்றால் பிசி547 டிரான்சிஸ்டர் போட்டு 75 மில்லி ஆம்பியர் வரை ஏற்றலாம். கற்றுக்கொடுக்க அது கூடாது. சில சென்டிமீட்டர் தூரத்தில் அவ்வளவு வெளிச்சம் அடித்தால் கற்கும் ரிமோட்டின் கண் கூசிப்போய், துடிப்புகளின் நீளத்தைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொள்ளும்.

கற்றுக்கொடுக்கும்போது பட்டனைத் தட்டிவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டிருந்தால் சில ரிமோட்கள் அந்த 'அதையே செய்' சிக்னலையும் சேர்த்துப் பதிந்துகொள்ளும். அப்புறம் ஒருமுறை தட்டினால் வால்யூம் மூன்று படி ஏறும். முற்றத்தில் வெயில் இறங்கும் நேரம், பழைய சிஎஃப்எல் விளக்கு எரியும் இடம் இரண்டையும் தவிர்த்தேன். வெயிலில் இன்ஃப்ராரெட் ஏராளம். சிஎஃப்எல்லின் சோக் துடிக்கும் வேகமோ ரிமோட்டின் வேகத்துக்குப் பக்கத்தில் வரும். ரேழியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததும் எல்லாம் முதல் தட்டலிலேயே பதிந்தன.

மாமாவிடம் ஒரு பழைய பிலிப்ஸ் சிடி பிளேயரும் இருக்கிறது, மேல் ரிசீவரில் மாட்டியது. அது பேசுவது ஆர்சி-5 முறை, 36 கிலோ ஹெர்ட்ஸ். இந்த முறையில் ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் ஒரு பிட் மாறி மாறிப் போகும். அதை வைத்துத்தான் 'புதிதாக அழுத்தினார்களா, பிடித்துக்கொண்டே இருக்கிறார்களா' என்று பெட்டி தெரிந்துகொள்ளும். கற்ற ரிமோட் ஒரே பிட்டைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். விளைவு: 11-ஆம் பாட்டுக்கு ஒன்று, ஒன்று என்று அழுத்தினால் ஒன்றாம் பாட்டு வரும். எண் பட்டன்களை விட்டுவிட்டு, அடுத்தது, முந்தையது, பிளே, ஸ்டாப் மட்டும் கொடுத்தேன். அடுத்தது என்பதை இருமுறை தட்டும்போது நடுவில் வேறு ஏதாவது பட்டனைத் தொட்டால்தான் எடுக்கிறது என்றால், ஒரே கட்டளையை இரண்டு பிட்டிலும் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்து இரண்டு பட்டனில் வைக்கலாம். மாமா அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

மேக்ரோவில் நேரம் விடுவது அவசியம். ரிசீவர் ஆன் ஆகி எழுந்து உட்காரும் சில நொடிகளுக்கு எந்தக் கட்டளையும் அதன் காதில் ஏறாது. ஆன், சற்று இடைவெளி, பிறகு எச்டிஎம்ஐ இன்புட். இன்புட்டுக்கும் 'அடுத்தது' பட்டனைப் பயன்படுத்தாமல், எச்டிஎம்ஐ 1 என்றே சொல்லும் நேரடிக் கட்டளையைப் போட்டேன். டிவியிலும் ரிசீவரிலும் எச்டிஎம்ஐ சிஇசியை அணைத்தேன். அது எச்டிஎம்ஐ கேபிளின் ஒரே ஒரு ஒயர் வழியாகப் பெட்டிகள் தங்களுக்குள் 'நீயும் எழு, நீயும் தூங்கு' என்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு. ஒரு டிவி, ஒரு சவுண்ட்பார் என்றால் அருமையானது. ரிமோட்டில் மேக்ரோ இருக்கும் வீட்டில் இரண்டு முதலாளிகள் மாதிரி ஆகிவிடும், ஒன்று போதும். செட்டாப் பாக்ஸை மேக்ரோவில் சேர்க்கவே இல்லை. அதில் பவர் பட்டன் திருப்பிப் போடும் வகை. எரிந்தபடியே கிடக்கட்டும் என்று விட்டாயிற்று.

எல்லாம் முடிந்த பிறகு மாமா ரிமோட்டோடு மாடிக்குப் போய், "இங்கேர்ந்து எடுக்கலையே மாப்ளே" என்றார். நியாயம்தான், பெட்டி கீழே அலமாரியில்தானே இருக்கிறது. மாடி அறையில் ஒரு டிஎஸ்ஓபி வைத்து, பழைய நெட்வொர்க் கேபிளில் கீழே கொண்டுவந்து மூன்றாவதாக ஒரு நானோவில் கொடுத்தேன். நீளமான ஒயரில் சப்ளை கலங்கும். சென்சார் பக்கத்திலேயே 100 ஓம் ரெசிஸ்டரும் 4.7 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் போட்டால் அமைதியாகிவிடும். இந்த நானோ ஐடி 2 முகவரியில் வருவதை மட்டும் கேட்டு, நடு ரிசீவரின் கண்ணாடியில் ஒட்டிய ஐஆர் எல்இடி வழியாகத் திருப்பிச் சொல்கிறது. மாடியில் கைதவறி டிவி பட்டனை அழுத்தினாலும் கூடத்தில் அத்தை பார்க்கும் சீரியல் நிற்காது. எல்இடி வேலை செய்கிறதா என்று பார்க்க மொபைலின் முன்பக்கக் கேமராவில் காட்டுங்கள், ஊதா வெளிச்சம் தெரியும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் தெரியாமல் போகலாம்.

முகவரிகள், கட்டளை எண்கள், ஐடி மாற்றிய விதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டேன். ரிசீவரை யாராவது இனிஷியலைஸ் செய்தால் ஐடி 1-க்குத் திரும்பிவிடும், அப்போது அந்தத் தாள் வேண்டும். ரிமோட்டில் இன்னும் ஆறு பட்டன் காலி. கூடத்து பிஎல்டிசி ஃபேனின் ரிமோட்டும் ஐஆர்தானா என்று மாமா கேட்டிருக்கிறார். ஐஆர்தான், அடுத்த தடவை போகும்போது நானோவை எடுத்துப் போக வேண்டும்.